தும்பி பறந்த பதிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி வறுவல் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கோழிக்கடைக்காரர் தாக் பொங்சு, அடுப்பறைக் கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில், எண்ணெய் காயும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்தபடி. மருந்துக்கடை ஓக் மிரான், சுவரில் மாட்டிய பெரிய தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, மடிக்கணினியை மேஜையில் திறந்து வைத்து. அவளுக்கு இடது பக்கம் கில் சாங்வூ, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், வாரம் முழுக்க மடக்கியே வைத்திருந்த காலை இன்றுதான் நீட்டக் கிடைத்தது என்பதுபோல நீட்டிக்கொண்டு. ஜன்னலோரம் பியோ சொக்ஜு, குறிப்பேட்டின் புதுப் பக்கத்தில் தேதி போட்டுக்கொண்டு.

யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் சொக்ஜு மற்றதை எழுதுவான். குன்சான் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு அவனுக்கு. எந்தத் தெருக் குழாய் எந்த வருஷம் வெடித்தது என்று தெரிய வேண்டுமானால் பொறியாளரே அவனிடம்தான் வந்து நிற்பார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்சு இதே தெருவில் முப்பது கணினிகளைப் போட்டு மணிக்கணக்கில் விளையாட விட்ட காலத்தில், அங்கே நடந்த 'கருநிலவு' என்ற போர் விளையாட்டின் போட்டிகளுக்குச் செயலாளனும் அவன்தான். ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவையும் பிளாப்பியில் எடுத்து, உறையில் போட்டு, குறிப்பேட்டின் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். கணினிகள் போய், அந்த இடத்தில் கண்ணாடிக்கடை வந்து, அதுவும் போய்விட்டது. குறிப்பேடுகள் மட்டும் அவன் வீட்டு அலமாரியில் வரிசை கலையாமல் இருந்தன.

வருஷத்துக்கு ஒரு நாள், கடை திறப்பதற்கு முன்னால், நான்கு பேரும் கூடி ஏதாவது ஒரு பழைய ஆட்டத்தைப் பார்ப்பார்கள். ஆனால் கருநிலவின் கடைசிப் பதிப்பில் பதிந்த ஆட்டங்கள் மட்டும்தான் ஓடும். அதற்கு முந்தையவை ஓடாது, ஓடினாலும் கண்டபடி ஓடும். அதனால் பத்துப் பதினைந்து ஆட்டங்களையே மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார்கள். இந்த வருஷம் மிரான் ஒரு பதிப்பு மாற்றியைக் கொண்டுவந்திருந்தாள்.

"யார் எழுதினதுன்னே தெரியல. எந்த ஊர்லயோ ஒரு கிறுக்கன். பழைய பதிப்பு ஒண்ணு விடாம சேர்த்து வெச்சிருக்கான்," என்றாள்.

திரையில் ஒரு சின்னச் சதுரம் எழுந்தது. அதில் 1.0 தொடங்கி 1.9 வரை பத்துப் பொத்தான்கள். வேறு ஒன்றுமில்லை. எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்த வயதுக்குக் கருநிலவு திரும்பிவிடும். அவள் 1.1-ஐ அழுத்தினாள். பழைய முகப்பு வந்தது, கறுப்பு வானத்தில் பச்சை எழுத்து. 1.6-ஐ அழுத்தினாள். எழுத்து நீலமானது. மறுபடி 1.1. ஒரே ஆள் முன்னும் பின்னும் வளர்வதுபோல இருந்தது. பொங்சு ஸ்டூலை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யம்மா! சாவி போட்டுத் திறக்குற மாதிரி இல்ல திறக்குது. என் வயசுக்கு இப்படி ஒரு பொத்தான் இருந்தா சொல்லு மிரான்."

"உங்களுக்கு 1.0-லயே முட்டி வலி இருந்துச்சு அண்ணே."

"எதைப் போடப்போறீங்க?" என்றான் சாங்வூ. "என்னோட இறுதி ஆட்டத்தைப் போடுங்கக்கா. நான் கோப்பை வாங்கினது."

"வாங்கினதா?" என்றார் பொங்சு. "ஆட்டத்துல நீ வாங்கினது உதை. கோப்பை நாங்க கொடுத்தது."

"பாருங்கக்கா, இருபத்திரண்டு வருஷமா இதே குத்தல். கோழிக்கு மசாலா தடவுற கை, சும்மா இருக்க மாட்டேங்குது."

சிரித்தார்கள். சொக்ஜுவும் சிரித்தான், ஆனால் அவன் சிரிப்பு சற்றுப் பிந்தித்தான் வந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்களே தவிர, அதில் விளையாடிய இன்னொருவனின் பெயரை யாரும் எடுப்பதில்லை. பான் தேஹோ. பள்ளிக்கூடம் முதல் சொக்ஜுவுக்குப் பக்கத்து பெஞ்சு. ஒரே குடையில் வீட்டுக்குப் போனவர்கள்.

2001 அக்டோபர் 14, ஞாயிறு. இறுதி ஆட்டம். தேஹோ வண்டுப் படை, சாங்வூ இரும்புப் படை. கருநிலவில் களம் முழுக்க இருட்டாகத்தான் இருக்கும். உன் ஆள் போய் நிற்கிற இடம் மட்டும் வெளுக்கும், நகர்ந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். சாங்வூ யாரும் நினைக்காத வடகிழக்கு மூலையில், பாறைக்குப் பின்னால், ஒரு மறைவான கோட்டை கட்டினான். தேஹோவின் படை வழியில் எங்கும் தட்டுத்தடுமாறாமல் நேரே அங்கே போய் இறங்கியது. பதினான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சாங்வூ எழுந்து, "இவன் கண்ணாடி போட்டு ஆடுறான்" என்று கத்தினான். இருட்டைக் கழற்றிவிட்டு முழுக் களத்தையும் காட்டும் திருட்டு நிரலுக்குத்தான் அந்தப் பெயர். மறுநாள் விசாரணை. பொங்சு, மிரான், சொக்ஜு மூவரும் குழு. பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கையை உயர்த்தினார்கள், மூன்று கையும். தேஹோ நீக்கப்பட்டான். சியோலில் ஒரு தொழில்முறை அணி, ஊர்ப் போட்டிகளில் ஜெயித்தவர்களைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. அந்த இடம் சாங்வூவுக்குப் போனது, அவன் முதல் சுற்றிலேயே திரும்பி வந்தான். தேஹோ அடுத்த மாதம் ராணுவ சேவைக்குப் போனான். அதற்கப்புறம் குன்சான் பக்கம் வரவில்லை.

"எந்தப் பதிப்புல ஆடினது சொக்ஜு?" என்றாள் மிரான், விரலைப் பொத்தான் வரிசையின்மேல் வைத்தபடி.

சொக்ஜு பழைய குறிப்பேட்டைத் திறந்தான். அவன் கையெழுத்து அப்போதும் இப்படித்தான், கோடு போட்டது போல. ஞாயிறு: இறுதி ஆட்டம், பதிப்பு 1.3, இயந்திரம் 11-உம் 12-உம். சொல்ல வாயெடுத்தவன், விரலை எடுக்காமல் கீழே படித்துக்கொண்டே போனான்.

திங்கள். காலை 11: எல்லா இயந்திரங்களிலும் 1.4 ஏற்றப்பட்டது.

திங்கள். மதியம் 2: விசாரணை. பதிவு பார்க்கப்பட்டது.

இரண்டு வரிகளுக்கும் இடையில் ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. பழைய பதிவு புதுப் பதிப்பில் கண்டபடி ஓடும் என்பது அவனுக்கும் தெரியும், இந்த மேஜையில் எல்லோருக்கும் தெரியும், வருஷக்கணக்காகப் புலம்புகிற விஷயம். தெரிந்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் இத்தனை நாள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம்தான் ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் வசதியே வந்தது. அது வந்த பிறகு ஏற்றிய முதல் புதுப் பதிப்பு 1.4.

"என்னடா, தூங்கிட்டியா?" என்றார் பொங்சு.

"1.3," என்றான் சொக்ஜு. "1.3-ஐ அழுத்துங்கக்கா."

வெளியே துறைமுகப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வரிசைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக மங்கின. மிரான் விளக்கை அணைத்ததும், ஜன்னலுக்கு வெளியே இருப்பது எது, திரையில் இருப்பது எது என்று ஒரு கணம் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

தேஹோவின் மூலையிலிருந்து பார்த்தார்கள். வண்டுகள் முட்டையிலிருந்து வெளிவந்து, சேறு சுமந்து, வரிசையாகப் போய்வந்தன. ஒரு வண்டும் சும்மா நிற்கவில்லை. அது அவன் கை. இப்படி ஒழுங்காக, அவசரமில்லாமல், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி விளையாடுகிற கை அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சொக்ஜுவுக்கு அந்தக் கையின் மணிக்கட்டே தெரிந்தது, அதில் கட்டியிருந்த மஞ்சள் துணிப்பட்டை தெரிந்தது. இருபத்திரண்டு வயசுக் கை, இந்த நிமிஷம்தான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கட்டளை கொடுக்கிறது என்றால் நம்பியிருப்பான்.

ஆறாவது நிமிஷத்தில் கூட்டுக்குள்ளிருந்து ஒரு தும்பி எழுந்தது.

சண்டை போடாது அது. பார்க்கத்தான் பறக்கும். இருட்டின்மேல் மெல்லப் போனது. போகிற இடமெல்லாம் ஒரு வட்டம் வெளுத்தது, பின்னால் மூடிக்கொண்டது. காட்டைத் தாண்டியது. ஆற்றைத் தாண்டியது. வடக்கே போய் ஒன்றுமில்லை என்று கண்டு, கரையோரமாகவே கிழக்கே திரும்பியது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்த போக்கு இல்லை அது. தேடுகிற போக்கு. பாறைக்கு மேல் வந்து நின்றது. கீழே வெளுத்த வட்டத்துக்குள் சாங்வூவின் மறைவுக் கோட்டையின் கூரை, பாதி கட்டியது, மின்னியது. தும்பி அங்கேயே இரண்டு மூச்சு நேரம் நின்றது. பிறகுதான், அதன் பிறகுதான், தேஹோவின் படை புறப்பட்டது.

அடுப்பறையில் எண்ணெய் சடசடத்தது. பொங்சு எழுந்து போகவில்லை.

"இந்தத் தும்பி அன்னிக்கு இல்லையே," என்றாள் மிரான் கடைசியில்.

"இல்ல," என்றான் சொக்ஜு.

"நாம பார்த்தப்ப தும்பி பறக்கவே இல்ல. அதனாலதானே கை தூக்கினோம்? பார்க்காமலே எப்படித் தெரிஞ்சதுன்னு?"

சொக்ஜு குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பி, இரண்டு வரிகளையும் காட்டினான். அவள் படித்தாள். 1.4-ஐ அழுத்தினாள்.

அதே ஆட்டம். அதே வண்டுகள். முதல் ஐந்து நிமிஷம் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் 1.4-இல் தும்பிக்கூடு கட்டி முடியப் பத்து வினாடி கூடுதலாகும். ஆறாவது நிமிஷத்தில், 'தும்பி எழு' என்று தேஹோவின் கை கட்டளை கொடுத்தபோது கூடு இன்னும் முடிந்திருக்கவில்லை. கட்டளை ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனது. 'வடக்கே போ' என்ற கட்டளையும், 'கிழக்கே திரும்பு' என்ற கட்டளையும் வெறும் காற்றில் வந்து விழுந்தன. தும்பி இல்லை. இருட்டு இருட்டாகவே இருந்தது. அந்த இருட்டுக்குள் படை மட்டும் நேரே, கண்ணாடி போட்டவன் மாதிரி, பாறைக்குப் பின்னால் போய் இறங்கியது.

"எனக்குப் புரியல," என்றார் பொங்சு. "படம் பிடிச்சது எப்படி மாறும்?"

"படம் பிடிக்கலையே அண்ணே," என்றாள் மிரான். "இதுல படமே கிடையாது. கையால என்னென்ன சொன்னாங்களோ அது மட்டும்தான் இருக்கு, சமையல் குறிப்பு மாதிரி. இத்தனாவது நிமிஷம் கோழியைப் போடு, இத்தனாவது நிமிஷம் எடு. உங்க அடுப்புல சரியா வரும். வேற அடுப்புல பச்சையா எடுப்பான்."

பொங்சுவுக்கு உடனே விளங்கியது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. அடுப்பை மாற்றியவர் அவர்தான்.

ஏழு நிமிஷம் நாற்பது வினாடி. சொக்ஜுவின் கை தானாக மேஜையில் நகர்ந்து, மடிக்கணினியின் பக்கம் போனது. அன்றைக்கும் இந்த இடத்தில்தான் அவன் கை போனது. அன்று இங்கேதான் நிறுத்தினான். போதும், பார்த்தாகிவிட்டது என்றான்.

"விடு," என்றாள் மிரான். "ஓடட்டும்."

ஓடியது. அதற்கு அப்புறம் நடந்ததை அவர்களில் ஒருவரும் முன்பு பார்த்ததில்லை. எட்டாவது நிமிஷத்தில் வண்டுகள் சேறு இல்லாத இடத்தில் சேறு தோண்டின. படை ஆற்றங்கரைக்குப் போய், இல்லாத எதிரியைச் சுற்றி வளைத்து, வட்டமாக நின்றது. சாங்வூவின் இரும்பர்கள் அவற்றின் நடுவே, ஒருவரை ஒருவர் பார்க்காமல், தூக்கத்தில் நடப்பவர்களைப்போலக் கடந்து போனார்கள். தண்ணீருக்குமேல் கோட்டை கட்டச் சொன்னது ஒரு கட்டளை. கட்டுகிறவன் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது நிமிஷம் இரண்டு பக்கமும் அசையாமல் போயின. கட்டளைகள் மட்டும் எங்கிருந்தோ விழுந்துகொண்டே இருந்தன, மழை நின்ற பிறகு மரம் சொட்டுவதுபோல. பதினான்காவது நிமிஷத்தில், ஒரு பக்கமும் தோற்காத களத்தில், சாங்வூ சரணடைந்ததாக எழுத்து வந்தது.

இன்னும் ஒரே ஒரு நிமிஷம் ஓட விட்டிருந்தால் போதும். இது கெட்டுப்போன பதிவு என்று குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

சாங்வூதான் முதலில் பேசினான். "நான் சரணடைஞ்சதே இல்லன்னு இத்தனை நாளா என் மகன்கிட்ட சொல்லிட்டிருக்கேன். நல்லாத்தான் சரணடைஞ்சிருக்கேன்."

"பேச்சை மாத்தாத," என்றார் பொங்சு.

"நான் எங்க மாத்துறேன்? நான் அன்னிக்குப் பொய் சொல்லல அண்ணே. நிஜமாவே அவன் கண்ணாடி போட்டான்னுதான் நெனச்சேன். தோத்தவன் அப்படித்தான் நெனப்பான். முடிவு பண்ணினது நீங்க மூணு பேரும்."

அது உண்மை. பொங்சு அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "திங்கக்கெழமை காலைல புதுப் பதிப்பு ஏத்துறது என் பழக்கம்டா. கூட்டம் இருக்காது, தரை துடைச்சிட்டு அப்படியே ஏத்திடுவேன். அன்னிக்குன்னு பார்த்து நான் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதா?"

"சரி, இப்ப என்ன பண்றது?" என்றான் சாங்வூ. "தேஹோ எங்க இருக்கான்னுகூடத் தெரியாது."

"தெரியும்," என்றாள் மிரான். "உல்சான்ல. கப்பல் தளத்துல இரும்பு பத்தவைக்கிற வேலை. போன வசந்தத்துல அவங்கம்மா தவறினப்ப எனக்குத் தகவல் வந்துச்சு. முகவரி இருக்கு."

"அப்ப ஒரு குறுஞ்செய்தி போட்டுடு. 'தப்பாயிடுச்சு மச்சான், மன்னிச்சுக்கோ', கூட ஒரு அழுகிற மூஞ்சி. முடிஞ்சுது."

"அவனை நீக்கினது பதிவுத் தபால்ல," என்றான் சொக்ஜு. "முத்திரை குத்தி அனுப்பினோம். அவங்கம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. கடிதத்துல சொன்னதைக் கடிதத்துலதான் திருப்பி எடுக்கணும்."

"நகராட்சிக்காரன் பேசுறான் பாரு," என்றார் பொங்சு. ஆனால் கல்லாப்பெட்டியைத் திறந்து, கையெழுத்துக்குப் பதில் குத்தும் தன் பெயர் முத்திரையையும் சிவப்பு மைப்பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

சொக்ஜு எழுதினான். எழுதும்போது அவனுக்கு ஒரு சுகம் உண்டு. வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்தது. மிரான் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"'பதிப்பு வேறுபாட்டின் காரணமாகக் குழு தவறான முடிவுக்கு வர நேர்ந்தது என்பது தற்போது தெரியவந்துள்ளது.' இது யாருக்கு? தண்ணி வரலன்னு புகார் பண்ணினவனுக்கா?"

"ஏன், நடந்தது அதுதானே."

"நடந்ததுதான். ஆனா நிறுத்தினது பதிப்பு இல்லையே சொக்ஜு. நிறுத்தினது யாரு?"

சொக்ஜு பேனாவை மூடினான். மூடுபனி இப்போது கண்ணாடிவரை வந்து சாய்ந்திருந்தது.

"இன்னொண்ணு இருக்குக்கா," என்றான். "தேஹோ கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"நான் நிறுத்தினப்ப. நீங்க கல்லாவுக்குப் போயிட்டீங்க, அண்ணன் தண்ணி குடிச்சிட்டிருந்தாரு. 'கடைசி வரைக்கும் ஓட விடு சொக்ஜு'ன்னான். மெதுவாத்தான் சொன்னான். 'இதுல என்னமோ சரியில்ல, கடைசி வரைக்கும் ஓட விடு.' நான் கேக்காத மாதிரி பிளாப்பியை வெளிய எடுத்துட்டேன்."

பொங்சு குறிப்பேட்டை இழுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இருந்தது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, யார் முதலில் கை தூக்கியது, எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரி இல்லை.

"ஏன்டா?" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

"தெரியல அண்ணே. அவன் என் சிநேகிதன். சிநேகிதனுக்காக வளையறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன். அதுதான்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிட்டு வந்தேன். ஆனா அவன் சியோலுக்குப் போயிடுவான்ங்கறதும் மனசுல இருந்துச்சு. எது எவ்வளவுன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியல."

சாங்வூ நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். மிரான் அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"அதை எழுது," என்றாள்.

இந்தத் தடவை வார்த்தைகள் வந்து உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. ஒரு வரி எழுதி, பேனாவைக் கீழே வைத்து, ஜன்னலைப் பார்ப்பான். பார்க்கும்போதெல்லாம் அந்தத் தும்பி கண்ணுக்குள் பறந்தது, ஒன்றுமில்லாத வடக்குக்குப் போய், பொறுமையாகத் திரும்பி, கரையோரமாகவே. தேடுகிறவனுக்குக் கோபம் இல்லை, அவசரம் இல்லை. சொக்ஜு பார்த்துக்கொண்டிருக்க, வெளுத்த வட்டம் இருட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. பொங்சு நடுவில் இரண்டு தடவை பார்லித் தண்ணீர் ஊற்றி வைத்தார். சாங்வூவுக்கு முன்னால் மிளகாய்க் குழம்பில் தோய்த்த முள்ளங்கித் துண்டுகளையும் வைத்தார். கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. வெளியே யாரோ கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எழுதி முடித்தது இதுதான்:

"தேஹோவுக்கு,

2001 அக்டோபர் 15, திங்கள், மதியம் இரண்டு மணி விசாரணையில் இருந்தவர்கள்: பொங்சு அண்ணன் கல்லாவுக்குப் பக்கம், மிரான் அக்கா அவருக்கு எதிரே, சாங்வூ சுவரோரம், நான் இயந்திரம் 11-இன் முன்னால். நீ கதவுக்குப் பக்கத்தில் நின்றாய்.

நீ கண்ணாடி போடவில்லை. தும்பி அனுப்பித்தான் கண்டுபிடித்தாய். அன்று காலை எல்லா இயந்திரங்களிலும் 1.4 ஏற்றியிருந்தோம், அதில் உன் தும்பி எழவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் பதிவை ஏழு நிமிஷம் நாற்பது வினாடியில் நிறுத்தியது நான். கடைசி வரைக்கும் ஓட விடு என்று நீ கேட்டாய். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல இருந்தேன். குறிப்பேட்டிலும் எழுதாமல் விட்டேன். இன்று அந்தப் பக்கத்தில் அந்த வரியை எழுதிச் சேர்த்துவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று உனக்குச் சரியாகச் சொல்ல ஆசைதான். நேர்மையாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள அவசரப்பட்டேன். நீ ஊரைவிட்டுப் போய்விடுவாய் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் இருந்தன.

இறுதி ஆட்டத்தில் ஜெயித்தவன் நீ. நீக்கத்தை ரத்து செய்கிறோம். இதனால் உனக்கு இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும்.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் உன் ஆட்டமும் ஒரு பதிப்பு மாற்றியும் இருக்கின்றன. திறந்தால் பத்துப் பொத்தான்கள் வரும். 1.3-ஐ அழுத்து. அம்மா காலமான செய்தியை இன்றுதான் மிரான் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். அவருக்கும் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

பியோ சொக்ஜு"

மிரான் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்துக் குத்தினாள். பொங்சு மூச்சை அடக்கிக்கொண்டு, கோணாமல், அழுத்திக் குத்தினார்.

"எனக்கு முத்திரை இல்ல," என்றான் சாங்வூ. "கட்டைவிரல் வைக்கவா?"

"உன் விரல்ல மிளகாய்க் குழம்பு இருக்கு. துடைச்சிட்டு வை," என்றாள் மிரான்.

துடைத்துவிட்டு வைத்தான். அதன் பக்கத்தில் 'தோற்றவன், கில் சாங்வூ' என்று எழுதினான். "கோப்பையைக் கேட்டா மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. அதுல என் பொண்டாட்டி வெங்காயத்தாள் வளர்க்குறா. நல்லா தழைச்சு நிக்குது."

பொங்சு வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுப்பறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மதிய இடைவேளையில் சொக்ஜு நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தபால் நிலையத்துக்குப் போனான். பனி விலகியிருக்கவில்லை. எதிரே வருகிறவர்கள் பத்தடி தூரத்தில் திடீரென்று முளைத்தார்கள், பக்கத்தில் வந்ததும் தெரிந்தவர்களாகித் தலையசைத்தார்கள்.

"பதிவுத் தபாலா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஆமா."

"உள்ள என்ன இருக்கு?"

"கடிதம். ஒரு பென்டிரைவ்."

"பென்டிரைவ் அனுப்புறீங்களா? எல்லாரும் மின்னஞ்சல்லதானே அனுப்புறாங்க இப்ப?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. "அனுப்புநர் பேர் எழுதலையே சார்."

அவன் உறையைத் திருப்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூலையில் 'போட்டிக் குழு' என்று எழுதியிருந்தான். பேனாவை வாங்கி, தன் பெயரையும் வீட்டு முகவரியையும், மாடி எண்ணையும் விடாமல் எழுதினான். பென்டிரைவ் நகராமல் தாளுக்குள் மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். மடிப்பில் பசை தடவி, ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

அவள் எடை போட்டாள். எண் ஒட்டினாள். உல்சான் என்று எழுதியிருந்த நீலப் பெட்டியில் உறையைப் போட்டாள்.

"நாளைக்கு மறுநாள் போயிடும்," என்றாள்.